தொட்டி மூடியில் பிழிந்த வத்தல்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் இருந்தேன். கோர்வையாக வராது. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்வேன், பாதியில் மறந்தும் போவேன். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நேரில் நாலு பேர் இருந்தால் எனக்கு வாயே வராது. தாளுக்கு முகம் கிடையாது என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

நான் இருப்பது பெரம்பலூரில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில். வீடு மகனுடையது. அவன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். ஓய்வு பெற்ற பிறகு வந்து இருக்கலாம் என்று வாங்கிப் போட்டான். என் வீட்டுக்காரர் இறந்த வருசம் ஊரில் எங்கள் வீட்டுச் சுவர் மழையில் உட்கார்ந்துவிட்டது. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு ஒரு ஆளும் ஆயிற்று, எனக்கு ஒரு கூரையும் ஆயிற்று என்று இங்கே கொண்டுவந்து விட்டான். என் ஊர் கீழப்பழுவூருக்குப் பக்கத்தில். அங்கே காலம் முழுக்கப் பிறத்தியார் காட்டில் களை வெட்டினேன், பருத்தி எடுத்தேன். இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு சமைப்பது, எவ்வளவு பாத்திரம் துலக்குவது?

மேலே இருக்கிறவர்கள் நல்லவர்கள்தான். படியில் பார்த்தால் சிரிப்பார்கள். வந்த புதிதில் ஒரு அம்மா, "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். "அந்த ஊர்ல எந்தத் தெரு?" என்றார். தெருவை எதற்குக் கேட்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ரோட்டோரமாங்க என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அந்த அம்மா வேண்டுமென்று கேட்டாரா, சும்மா கேட்டாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு நானாகப் போய் யாரிடமும் பேசவில்லை. கதவை மட்டும் பாதி திறந்து வைப்பேன். யாராவது போவது வருவது தெரியும் என்று.

காலையில் விளக்குமாற்றுச் சத்தம் மேல்மாடியில் தொடங்கி, ஒவ்வொரு படியாக இறங்கி, என் வாசலுக்கு வரும். கடிகாரத்தை விட அந்தச் சத்தம்தான் எனக்குக் கணக்கு. கூட்டுகிறவர்கள் ஒரு புருசன் பெண்டாட்டி. அரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார்கள். அவள் படிகளைக் கூட்டித் துடைப்பாள். அவன் வெளிவாசல், கார் நிற்கிற இடம், தண்ணீர் மோட்டார், அடைத்த குழாய், எரியாத பல்பு எல்லாம் பார்ப்பான். பதிவு, அட்டை, கம்பெனி என்று எதுவும் கிடையாது. வாய்ப்பேச்சில் வந்தவர்கள், வாய்ப்பேச்சிலேயே இருந்தார்கள். யார் எதைச் சொன்னாலும் அவன் "சரிங்க சார்" என்பான். பெண்கள் சொன்னாலும் சில நேரம் பழக்கத்தில் "சரிங்க சார்" என்றுவிடுவான்.

அவள் மற்ற வீட்டுப் பெண்களை 'அம்மா' என்பாள். என்னை மட்டும் 'பெரியம்மா' என்பாள். எப்போது அப்படித் தொடங்கினாள் என்று நினைவில்லை. என் வாசல்தான் கடைசி என்பதால் வேலை முடிந்ததும் நிலைப்படியில் உட்காருவாள். டீ போட்டுக் கொடுப்பேன். முதல் தடவை டம்ளரைக் கையில் கொடுத்தபோது, "இது எனக்குன்னு தனியா வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"எங்கிட்ட இருக்கறதே ரெண்டு டம்ளரு" என்றேன்.

அதற்கு அவள் சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறது. பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவள் பேசுவாள், நான் கேட்பேன்.

"பெரியம்மா, ரெண்டாவது மாடி சாரு வூட்டு நாய்க்கு நேத்துப் பொறந்த நாளு. கேக்கு வெட்டுனாங்க."

"நாய்க்கா?"

"ஆமா. தொப்பியெல்லாம் போட்டு விட்டாங்க. எம்புருசன் என்னைக்குப் பொறந்தாருன்னு அவரப் பெத்தவங்களுக்கே தெரியல."

வாசலில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அவன், "வெயிலு காலத்துலன்னு எங்கம்மா சொல்லிருக்கு" என்றான்.

"நம்ம ஊர்ல வருசம் முச்சூடும் வெயிலு காலந்தான். அதுல எத வச்சுக் கேக்கு வெட்டுறது?"

இப்படித்தான். அந்த டீ நேரம் முடிந்தால் அன்றைக்கு என் பேச்சும் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மகன் போனில் வருவான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்பான். சாப்பிட்டேன், போட்டேன் என்பேன்.

ஒரு சித்திரை மாசம். என் வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் இறங்காமல் நின்றது. எல்லா வீட்டுக் கழிவும் போய்ச் சேருகிற தொட்டி, வெளிக்கேட்டுக்கும் என் சன்னலுக்கும் நடுவில் தரைக்கு அடியில் இருக்கிறது. மேலே சிமெண்டுத் தளம், நடுவில் சதுரமாக ஒரு மூடி. தொட்டி நிரம்பினால் முதலில் தெரிவது தரைத்தளத்தில், அதாவது என் வீட்டில். நான் கூச்சத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். நாற்றம் மாடிக்குப் போன பிறகுதான் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் இறங்கி வந்து பார்த்தார்.

செயலாளர் ஓய்வு பெற்ற வாத்தியார். கெட்டவர் இல்லை. வேறு யாரும் வர மாட்டேன் என்றதால் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. விளக்கு எரியவில்லை என்றாலும் அவர், தண்ணீர் உப்பு என்றாலும் அவர். என் சன்னலுக்கு வெளியே நின்று போனில் பேசினார். நகராட்சியில் பதிந்த கழிவுநீர் லாரி உடனே வராதாம், முன்னால் நிறையப் பேர் காத்திருக்கிறார்களாம். போனை வைத்துவிட்டுக் கூட்டுகிறவனைக் கூப்பிட்டார்.

"இவனுங்கள நம்பிப் பிரயோசனமில்லப்பா. நாளைக்கு உங்க ஊர்லருந்து ஒரு ஆளக் கூட்டிக்கிட்டு வா. மேல நிக்கிற தண்ணிய வாளியில எறைச்சிட்டு, அடியில இருக்கற மண்டிய ஏணி வச்சு எறங்கி அள்ளிட்டா போதும். பின்னால குழி வெட்டிக் கொட்டிக்கலாம்."

"சரிங்க சார்."

அவ்வளவுதான். பல்பு மாற்றச் சொன்னால் எப்படிச் சொல்வானோ அப்படியே சொன்னான்.

அன்றைக்கு அவள் நிலைப்படியில் உட்கார்ந்தாள், டீயைக் குடிக்கவில்லை.

"பெரியம்மா, நாளைக்கு அவர எறங்கச் சொல்லிருக்காங்க."

"கேட்டுச்சு."

"மாட்டேன்னு சொல்லுங்கன்னேன். சொன்னா நாளக்கழிச்சு இந்த வாசல வேற ஆளு கூட்டிக்கிட்டு இருப்பான்ங்கிறாரு. கொழா அடைப்பு எடுக்கறேன்ல, இதும் அடைப்புதானங்கிறாரு. அதும் இதும் ஒண்ணா?" கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க பெரியம்மா. நீங்க வூட்டுக்காரங்க. நாங்க சொன்னா ஒரு மாதிரி. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

வீட்டுக்காரங்க. என்னை அப்படி ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "சொல்றேன்" என்றேன்.

என் கொழுந்தனாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் அவர்தான் அந்த வீட்டில் என்னோடு சிரித்துப் பேசியவர். ஒரு கோடையில், நாங்கள் வேலை செய்த காட்டுக்காரர் கிணற்றில், பாதி ஆழத்துத் திட்டில் எஞ்சினை இறக்கி வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். எஞ்சின் நின்றுபோனது. "சும்மா எறங்கிப் பாருடா" என்றார் காட்டுக்காரர். சும்மாதான் இறங்கினார். எங்கள் பக்கத்தில் ஆழக் கிணற்றில் இறங்குமுன் லாந்தரைக் கயிற்றில் விட்டுப் பார்ப்பார்கள். அது எரிந்தால் இறங்கலாம், அணைந்தால் உள்ளே காற்று கெட்டிருக்கிறது, கூடாது. அன்றைக்கு யாரும் லாந்தரை விடவில்லை. பட்டப்பகலில் லாந்தர் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். அவரைக் கட்டித் தூக்கியபோது உடம்பில் ஒரு காயம் இல்லை. தூங்குகிறவர் மாதிரி இருந்தார். அதனால்தான் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மத்தியானம் முட்டியைப் பிடித்துக்கொண்டு முதல் மாடிக்கு ஏறினேன். செயலாளர் வீட்டு மணியை அமுக்கினேன். அவர் வீட்டம்மா வந்தார்.

"என்ன ஆயா, தண்ணி வரலையா?"

"வருதுங்க."

"அப்புறம்?"

"சாரு இருக்காங்களா?"

"இருக்காங்க. சாப்பிடுறாங்க. கூப்பிடவா?"

உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. செயலாளர் தட்டோடு எட்டிப் பார்த்தார். "என்ன?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க, சாப்பிடுங்க" என்று இறங்கி வந்துவிட்டேன். இறங்குகிறபோது பின்னால் அந்த அம்மா, "பாவம், தனியா இருக்கறதுல என்னமோ ஆகுது இதுக்கு" என்று சொன்னது காதில் விழுந்தது.

மகனுக்குப் போன் போட்டேன். வேலை நாளில் நான் கூப்பிட்டதால் பயந்துவிட்டான். விசயத்தைச் சொன்னேன்.

"அம்மா, அதெல்லாம் சங்கம் பாத்துக்கும். நீ தலையிடாத. நாளைக்கு அள்ளிட்டா உனக்குத்தானே நல்லது?"

"ஆளு எறங்குறான்ப்பா."

"காசு வாங்கிட்டுத்தான எறங்குறாங்க? நீ போயி எதாச்சும் பேசி வம்ப வாங்கிக்காத. நான் அங்க இல்ல."

அவன் சொன்னதில் கடைசி வார்த்தை உண்மைதான்.

சாயங்காலம் வத்தல் மாவு டப்பா கண்ணில் பட்டது. கோடை வந்தால் அரிசி திரித்து வைப்பது பழக்கம். அந்த வருசம் யாருக்குப் போடுவது என்று பிழியாமலே வைத்திருந்தேன். அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டம் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊரில் வத்தல் காய்கிற இடத்தை யாரும் மிதிக்க மாட்டார்கள், தாண்ட மாட்டார்கள். சண்டைக்காரி வீட்டு வத்தலாக இருந்தாலும் ஆடு வாய் வைத்தால் விரட்டிவிட்டுத்தான் போவோம். பிழிந்த வத்தல் காயும்வரை அந்த இடம் அதற்குத்தான். அது எனக்குத் தெரியும். வாயால் சொல்ல வராவிட்டால் கையால் ஏதாவது செய்ய வேண்டும்.

விடிகிற நேரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்பும் அரைத்த பச்சை மிளகாயும் சீரகமும் போட்டு, மாவைக் கரைத்து ஊற்றிக் கூழ் கிண்டினேன். தொட்டி மேல் தளத்தை நாலு குடம் தண்ணீர் விட்டுக் கழுவினேன். பாய் விரித்து, அதன் மேல் என் வீட்டுக்காரருடைய பழைய வேட்டியை நனைத்து விரித்து, முறுக்கு அச்சில் கூழை அள்ளிப் போட்டு, மூடி இருக்கிற இடம் நடுவில் வருகிற மாதிரி பிழிந்தேன். ஒரு விரல் வைக்க இடமில்லாமல் பிழிந்தேன். பிறகு நாற்காலியை எடுத்துப் பக்கத்தில் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, காக்கை விரட்டக் குச்சியில் கறுப்புத் துணி கட்டி உட்கார்ந்துவிட்டேன்.

அவன் வந்தான். கூட ஒரு ஆள், ஏணி, கயிறு, வாளிகள். வத்தலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பெரியம்மா, இது?"

"கூழு வத்தலு."

"அது தெரியுது. இங்கயா?"

"இங்கதான வெயிலு அடிக்குது."

கூட வந்த ஆள், "நல்ல எடமாப் பாத்துதான் புழிஞ்சிருக்கு" என்று சிரித்தான். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான். மாடிப்படியில் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. முன்னை விட வேகமாகக் கேட்டது.

செயலாளர் வந்தார்.

"ஆயா, இதக் கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா? இங்க வேலை இருக்கு."

"ஈரமா இருக்குங்க சார். எடுத்தாப் பிஞ்சுரும்."

"பாயோட தூக்கி அந்தப் பக்கம் வச்சுக்கலாமில்ல? நாங்க வேணா ஆளுக்கொரு பக்கம் புடிக்கிறோம்."

"மடங்குனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குங்க."

"மொட்ட மாடி இருக்கே?"

"முட்டி வலிங்க."

"எப்பத்தான் காயும்?"

"வெயிலப் பொறுத்துங்க."

அவர் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் கிடையாது. "சாயங்காலம் காஞ்சுரும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்திருந்தால் எழுந்து போயிருப்பேன். வத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க பாத்ரூம்லதான் ஆயா மொதல்ல ஏறுது. உங்களுக்காகத்தான் நான் இவ்வளவும் பண்றேன்."

"இருக்கட்டுங்க."

மாடியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "கக்கூஸ் தொட்டி மேலயா போட்டிருக்கு? கருமம்" என்றார் ஒருவர். "எங்க வூட்டுக்கு மட்டும் குடுத்துவிட்டுராதீங்க ஆயா" என்றார் இன்னொருவர். எந்தத் தெரு என்று கேட்ட அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அவர் போனதுதான் எனக்கு அதிகம் சுட்டது. அவர் மனதில் என் தெரு எது என்று அன்றைக்கு முடிவாகியிருக்கும். அன்று முழுக்கக் குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள். இங்கே வந்த இத்தனை வருசத்தில் அவ்வளவு பேர் என்னைப் பார்த்ததில்லை, அவ்வளவு தனியாகவும் நான் இருந்ததில்லை.

வத்தல் அன்று சாயங்காலமே காய்ந்துவிட்டது. அந்த வெயிலுக்குக் கல்லும் காயும். இருட்டும்வரை அப்படியே விட்டேன். மறுநாள் விடியற்காலம் மிச்ச மாவையும் கிண்டி, காய்ந்ததை ஓரமாக ஒதுக்கி, நடுவில் புதிதாகப் பிழிந்தேன். அந்த நாட்களில் கழிப்பறைக்கு நான் என்ன பாடுபட்டேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் நாள் செயலாளர் தனியாக வந்தார். அவன் ஏணியைப் பிடித்தபடி கேட் பக்கம் நின்றான். செயலாளர் கோபமாகத்தான் வந்தார். நாற்காலிக்கு முன்னால் நின்று, வாத்தியார்கள் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஆயா, உண்மையச் சொல்லுங்க. இத எப்ப எடுப்பீங்க?"

"வண்டி வந்தா எடுத்துர்றேங்க" என்றேன். வத்தலைப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஒரு காக்கை வந்து ஓரத்தில் உட்கார்ந்தது. என் கை எழவில்லை. அவரே கையை வீசி அதை விரட்டினார்.

"ஆளு எறங்கக் கூடாதுங்கிறீங்க."

"எங்க கொழுந்தனாரு கெணத்துல எறங்குனாருங்க."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவர் கேட் பக்கம் நடந்துபோய் போனை எடுத்தார். "பரவால்லங்க, எங்க முறை வரட்டும். நாளைக்கு உறுதியா அனுப்புங்க. பதிஞ்ச வண்டியா இருக்கணும், ஆமா" என்று சொன்னது கேட்டது. போனை வைத்துவிட்டு, "நீ எறங்க வேணாம்ப்பா, ஏணிய எடுத்து வை" என்றார்.

"சரிங்க சார்" என்றான் அவன். அதே குரலில்தான் சொன்னான்.

லாரி மறுநாள் வந்தது. பெரிய குழாய், இழுக்கிற மெசின், கையுறையும் முழங்கால் வரை பூட்சும் போட்ட ஆட்கள். நான் பாயைச் சுருட்டினேன். வத்தல் முழுக்கச் சலசலவென்று கையோடு வந்தது. செயலாளர் அதைப் பார்த்தார்.

"நேத்தே காஞ்சிருச்சு போலருக்கே?"

"ஆமாங்க."

அவர் சிரித்தார். என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

லாரிக்காரர் குழாயை உள்ளே விட்டபடியே, "ஆளு கீளு எறக்குனீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லல்ல."

"எறக்கிராதீங்க. கட்டுன புதுசுல நல்லாருக்கும், நெறஞ்சிட்டா உள்ள காத்தே வெசம். எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா செயலாளரு யாருன்னுதான் மொதல்ல கேப்பாங்க. சட்டம் அப்படி. வேலைக்கு வச்சிருக்கற ஆளுங்க பதிவு இருக்கா? பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எதாச்சும்?"

செயலாளர் முகம் சுண்டிவிட்டது.

அந்த மாசமே சங்கக் கூட்டம் போட்டார்கள். இனிமேல் கூட்டுவதற்கும் பராமரிப்புக்கும் முறையாகப் பதிவு செய்த கம்பெனி ஆட்களைத்தான் வைப்பது என்று முடிவு. நான் கூட்டத்துக்குப் போகவில்லை. மறுநாள் செயலாளர் என் வாசலில் நின்று, "இருக்கற ரெண்டு பேரையே கம்பெனியில சேத்துக்கச் சொல்லிட்டேன் ஆயா" என்றார். என்னிடம் வந்து ஏன் சொன்னார் என்று அப்போது புரியவில்லை.

கம்பெனி இருவரையும் சேர்த்துக்கொண்டது. ஆதார், பாஸ்புக், போட்டோ எல்லாம் வாங்கினார்கள். நீலச் சட்டை கொடுத்தார்கள். உடம்புக்கு வந்தால் போக ஆஸ்பத்திரி, வயதான காலத்துக்குப் பிடித்தம் எல்லாம் உண்டு என்றார்கள். அவள் புருசனுடைய அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள்.

"இங்க பாருங்க பெரியம்மா. இவருக்கும் பொறந்த நாளு வந்துருச்சு."

"வெயிலு காலமா?"

"நல்ல மழக்காலத்துல போட்டு வச்சிருக்காங்க. எங்க மாமியாரு பாத்தா சண்டைக்கு வரும்."

அன்றைக்கு டீயை இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். நான் எதற்காக அந்த வத்தலைப் பிழிந்தேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அட்டையைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டாள்.

ஆடி முடிகிற சமயம், ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள் உட்காராமல் நின்றாள்.

"எங்கள அரியலூருக்கு மாத்திட்டாங்க பெரியம்மா. அங்க ஒரு பெரிய அபார்ட்மெண்டாம். தங்க ரூமு குடுக்கறாங்களாம்."

"ஏன்? இங்க நல்லாத்தான பாக்கறீங்க?"

"ஒரே எடத்துல ரொம்ப நாளு விட மாட்டாங்களாம். இருந்தா பழகிருவாங்களாம். பழகிட்டா வேல நடக்காதுங்கிறாரு சூப்பர்வைசரு."

"மாட்டேன்னு சொல்லக் கூடாதா?"

"இப்பதான் பதிவே வந்திருக்கு" என்றாள்.

போகிற போது, "அந்த வத்தல என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டாள். தகர டப்பாவில் அப்படியே இருந்தது. அது இருந்த இடத்தை நினைத்துப் பொரிக்க மனசில்லை, அரிசி ஆயிற்றே என்று எறியவும் மனசில்லை. அதைச் சொன்னேன்.

"பாயி, வேட்டி எல்லாம் போட்டுத்தானே புழிஞ்சீங்க? எனக்குக் குடுங்க" என்றாள்.

பாதிக்கு மேல் ஒரு பையில் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

இப்போது வருகிறவர்கள் நீலச் சட்டை போட்டவர்கள். மூக்கு வாய் மூடியிருக்கும். நன்றாகத்தான் வேலை செய்கிறார்கள். கொஞ்ச காலம் ஒருத்தி, அப்புறம் வேறொருத்தி. முகம் பழகுவதற்குள் மாறிவிடுகிறார்கள். என்னை 'மேடம்' என்கிறார்கள். டீ வேண்டுமா என்று முதலில் வந்தவளிடம் கேட்டேன். "வாங்கக் கூடாது மேடம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் பாதி திறந்து வைக்கிற கதவை, என் வாசலுக்கு வந்ததும், "தூசி வரும் மேடம்" என்று அவர்களே மெதுவாகச் சாத்திவிடுகிறார்கள். அவர்கள் போன சத்தம் கேட்ட பிறகு மறுபடி திறந்து வைப்பேன்.

அவள் கொஞ்ச காலம் போனில் பேசினாள். அங்கே மாடி அதிகம், லிஃப்ட் இருக்கிறது, அவரைத்தான் மோட்டாருக்கும் குழாய்க்கும் கூப்பிடுகிறார்கள் என்றாள். பிறகு அந்த எண்ணில் வேறு யாரோ ஒரு ஆள் எடுக்கிறார். ஒரு கல்யாணத்துக்கு அரியலூர் போனபோது, பஸ்ஸை விட்டு இறங்கி, பெரிய அடுக்குமாடி என்று ஒருவர் கை காட்டிய இடத்துக்குப் போய்க் கேட்டேன். வாசலில் இருந்தவர் கம்பெனி பெயரைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. புருசன் பெண்டாட்டி, அரும்பாவூர்ப் பக்கம் என்றேன். "அப்படி நெறையப் பேரு வந்து போவாங்கம்மா" என்றார். அந்த இடம்தானா, வேறு இடமா என்றும் எனக்குத் தெரியாது. கல்யாண வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பினேன்.

டப்பாவில் கொஞ்சம் வத்தல் இன்னும் இருக்கிறது.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். லாரியைப் பதிவது நகராட்சியில்தானா, வேறு ஆபீசிலா என்று தெரியாது. லாரிக்காரர் சொன்ன சட்டத்தை நான் கேட்டபடி எழுதியிருக்கிறேன், அதில் வார்த்தை மாறியிருக்கலாம். இதை அச்சில் போடுகிறவர்கள் விவரம் தெரிந்த யாரிடமாவது காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்க்கும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். பதிவு செய்த கம்பெனியாக இருந்தாலும், தொட்டி அடைத்து, லாரி வர நாளாகும் என்றால், ஆளை இறங்கச் சொல்வதில்லைதானே? அவனிடம் கேட்டால் பிரயோசனமில்லை. அவன் "சரிங்க சார்" என்றுதான் சொல்வான். அரியலூர்ப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.